கீலுக்குப் பின்னால் கூடும் எடை: ஏலரான், எலிவேட்டர், ரடர் சமன் செய்யும் முறை

இறக்கைக்குத் தகடு போர்த்தி, பெயின்ட் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் இந்த அத்தியாயத்தின் வேலை தொடங்குகிறது. அதற்கு முன் போட்ட சமன் கணக்கெல்லாம் ஒத்திகைதான். வெறும் தகடாக இருக்கும்போதே ஏலரானை (இறக்கையின் பின்விளிம்பில் கீலில் அசையும் பரப்பை) எடை பார்த்து, ஈயம் வைத்து மூடிவிட்டு, பிறகு பிரைமரும் பெயின்ட்டும் கோடுகளும் எண்களும் போட்டுப் பறக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் இருப்பது சமன் செய்த ஏலரான் அல்ல. அதனால்தான் இந்த ஒரு வேலைக்கு மட்டும் மற்ற அத்தியாயங்களைவிட அதிக இடம் கொடுக்கிறேன்.

கையால் விமானம் கட்டுவது நம் ஊருக்குப் புதிதல்ல. 1910இல் சென்னையில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனிப் பட்டறையில் கட்டிய விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். கேரளத்தைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேசாத சஜி தாமஸ் தாமே கட்டிய சிறு விமானம் 2014இல் நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறில்தான் பறந்தது. மும்பை விமானி அமோல் யாதவ் வீட்டு மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் நின்றது. 2017இல் பதிவு எண்ணும் 2019இல் பறந்து பார்க்க விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அனுமதியும் கிடைத்தன. புதுக்கோட்டை மாவட்டத்தில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. மாத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறைகளில் அரை மில்லிமீட்டர் பிசகையும் கண்ணால் பிடிக்கிற ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: இந்த வேலையில் கண் போதாது, தராசும் அளவுகோலும் வேண்டும்.

என்ன நடக்கிறது

ஒரு காற்று வீச்சில் இறக்கை மேலே வளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலரானின் எடை பெரும்பாலும் கீலுக்குப் பின்னால் இருந்தால், இறக்கை மேலே போகும் வேகத்துக்கு ஏலரானின் பின்பகுதி ஈடுகொடுக்காமல் பின்தங்கும். அதாவது, பின்விளிம்பு கீழே தொங்கும். பின்விளிம்பு கீழே இறங்கினால் அந்தப் பக்கத்து இறக்கைக்குத் தூக்குவிசை கூடும். ஏற்கெனவே மேலே போய்க்கொண்டிருக்கும் இறக்கையை அது இன்னும் மேலே தள்ளும். இறக்கை தன் விறைப்பால் திரும்பிக் கீழே வரும்போது இதே கதை தலைகீழாக நடக்கும்: பின்விளிம்பு மேலே தங்கிவிடும், இறக்கை கூடுதலாகக் கீழே அழுத்தப்படும். ஒவ்வொரு ஆட்டத்திலும் காற்று கொஞ்சம் ஆற்றலை ஊட்டுகிறது. வேகம் குறைவாக இருக்கும்வரை அந்த ஆற்றலை அதே காற்றும் உலோகத்தின் உராய்வும் தணித்துவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் தணிப்பதைவிட ஊட்டுவது அதிகமாகிவிடும். அதன் பிறகு ஆட்டம் வளர்ந்து எதையாவது உடைக்கச் சில விநாடிகள் போதும். இதைத்தான் ஃப்ளட்டர் என்கிறோம்.

கீலுக்கு முன்னால் போதிய எடை இருந்தால் இதே பின்தங்கல் நமக்கு உதவியாக மாறும். இறக்கை மேலே போகும்போது ஏலரானின் மூக்கு பின்தங்கும், பின்விளிம்பு மேலே எழும், தூக்குவிசை குறையும், ஆட்டம் அடங்கும். ஈயம் வைப்பதன் நோக்கம் முழுவதும் இவ்வளவுதான். விமானியின் கைக்கு ஸ்டிக் இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காக ஈயம் வைக்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வேறு விஷயம், காற்றழுத்தத்தைச் சமன்படுத்தும் விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்தப் பாடம் உயிர்களைக் கொடுத்து வந்தது. 1916இல் பிரிட்டனின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் கடுமையாக ஆடியது. இடது எலிவேட்டரும் வலது எலிவேட்டரும் தனித்தனிக் கம்பிகளால் இயக்கப்பட்டு ஒன்றுக்கொன்று எதிராக ஆடின. வால்பக்கத்து உடற்பகுதியே முறுக்கிக்கொண்டது. ஆராய்ந்த பொறியாளர் லான்செஸ்டர் சொன்ன மருந்து, இரண்டு எலிவேட்டர்களையும் விறைப்பான ஒரே குழாயால் இணைப்பது. 1920களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பௌம்ஹவரும் கோனிங்கும் ஏலரானின் எடையைக் கீலுக்கு முன்னால் கொண்டுவந்தால் ஆட்டமே நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். விறைப்பு, எடைச் சமன் என்ற இந்த இரண்டும்தான் இன்றுவரை நம் கையில் உள்ள ஆயுதங்கள்.

தராசு வைப்பது

முதலில் உங்கள் விமானத்தின் வடிவமைப்பாளர் என்ன சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். ஏலரான், எலிவேட்டர், ரடர் என்ற ஒவ்வொரு பரப்புக்கும் சமன் எவ்வளவு, எந்த எல்லைக்குள் என்று வரைபடத்திலோ கையேட்டிலோ இருக்கும். சில விமானங்களில் முழுச் சமன், சிலவற்றில் பகுதிச் சமன், சிலவற்றில் மூக்குப்பக்கம் கொஞ்சம் அதிகம். அந்த எண்ணை உங்கள் எண்ணத்தால் மாற்றக் கூடாது. வடிவமைப்பாளர் எண்ணே கொடுக்காத பழைய வரைபடத்திலிருந்து கட்டுகிறீர்கள் என்றால், கற்றறிந்த விமானப் பொறியாளர் ஒருவர் கணக்குப் பார்க்காமல் அதைத் தரையைவிட்டு எழுப்பாதீர்கள்.

பரப்பைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள். பறக்கும்போது அதில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் இருக்க வேண்டும்: ட்ரிம் டேப் (பின்விளிம்பில் உள்ள சிறு துணைத்தகடு), அதன் கம்பி, விளக்கு இருந்தால் விளக்கும் ஒயரும், திருகாணிகள், ஒட்டிய எண்கள். புஷ்ராடு எந்த அளவுக்குக் கணக்கில் சேரும் என்பதைக் கையேடு சொல்லும். இரண்டு நிற்கும் தகடுகளின் மேல் விளிம்பைக் கத்திபோலச் சீவி, கீல் ஆணிகள் அவற்றின்மேல் உருளும்படி வையுங்கள். பியானோ கீல் என்றால் உராய்வு அதிகம். இரண்டு முனைகளில் மட்டும் சிறு பால் பேரிங் வைத்துத் தற்காலிகமாகத் தாங்கலாம். இரண்டு தாங்கிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள். ஆடி மாதத்துக் காற்றில் திறந்த கொட்டகையில் இந்த வேலை ஆகவே ஆகாது.

பின்விளிம்புக்குக் கீழே கிராம் காட்டும் டிஜிட்டல் தராசை வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அந்தக் கட்டையின் கூர்முனையில் பின்விளிம்பு உட்காரும்படி செய்யுங்கள். கட்டையின் எடையை முதலிலேயே பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். பரப்பின் நடுக்கோடு கையேடு சொல்லும் கிடைமட்டத்தில் இருக்க வேண்டும். கீல் பரப்புக்குக் கீழே தள்ளி அமைந்திருக்கும் வடிவங்களில் இது மிக முக்கியம். ஒரு சாய்வில் சமனாகத் தெரிவது இன்னொரு சாய்வில் சமனாக இருக்காது. மேசையை விரலால் மெல்லத் தட்டி, எண் நிலைத்த பிறகு படியுங்கள். பின்விளிம்பை மேலிருந்து இறக்கி ஒரு முறை, கீழிருந்து ஏற்றி ஒரு முறை பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் கீலில் உராய்வு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

காய்கறிக் கடைக்காரர் பிடிக்கும் பழைய தூக்குக்கோலின் கணக்குதான் இங்கேயும்: எடையை எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பது எடைக்குச் சமமான முக்கியம். கீலிலிருந்து 30 செ.மீ. பின்னால் தராசு 310 கிராம் காட்டுகிறது என்றால், பின்பாரம் 310 × 30 = 9,300 கிராம்-செ.மீ. ஈயம் வைக்க உங்களுக்குக் கிடைக்கும் இடம் கீலுக்கு 7.5 செ.மீ. முன்னால் என்றால், முழுச் சமனுக்கு 9,300 ÷ 7.5 = 1,240 கிராம் ஈயம் வேண்டும். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.3 கிராம், எனவே சுமார் 110 கன செ.மீ., அதாவது 20 மி.மீ. விட்டமுள்ள தண்டு 35 செ.மீ. நீளம்.

இப்போது பெயின்ட்டுக்கு வாருங்கள். ஒரு ஏலரானில் 80 கிராம் பெயின்ட் ஏறுகிறது, அதன் சராசரி இடம் கீலுக்கு 14 செ.மீ. பின்னால் என்று வைத்தால், கூடும் பின்பாரம் 1,120 கிராம்-செ.மீ. அதை ஈடுகட்ட முன்னால் 150 கிராம் ஈயம் வேண்டும். பின்விளிம்புப் பள்ளத்தை நிரப்ப 28 செ.மீ. தூரத்தில் 20 கிராம் புட்டி பூசினால், அதற்கு மட்டும் 75 கிராம். பின்விளிம்பில் கூடுவது எப்போதும் இப்படித்தான், மூன்று நான்கு மடங்காகத் திரும்பி வரும். அதனால் கட்டும்போதே பின்பகுதியை இலேசாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயின்ட்டின்மேல் புதுப் பெயின்ட் அடிக்கும் பழக்கம் வேண்டாம். முழுக்கச் சுரண்டிவிட்டு அடியுங்கள், அடித்த பிறகு மறுபடி தராசுக்கு வாருங்கள்.

ஒத்திகைக்குத் தற்காலிக எடை தேவைப்பட்டால் ஜெகதாப்பட்டினத்திலோ கோட்டைப்பட்டினத்திலோ வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் கிடைக்கும். முன்விளிம்பில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்து, தேவையான எடை தெரிந்த பிறகு நிரந்தர எடையைச் செய்யலாம்.

எங்கே வைப்பது, எப்படிப் பிடிப்பது

மொத்தக் கணக்கு சரியாக வந்துவிட்டால் போதும் என்பது பாதி உண்மைதான். ஏலரானின் உள்முனையில் எல்லா ஈயத்தையும் குவித்தால் தராசில் சமன் தெரியும். ஆனால் இறக்கை வளையும்போது அதிகம் அசைவது வெளிமுனை, அங்கே பரப்பு இன்னும் பின்பாரமாகவே இருக்கும். இயன்றவரை நீளம் முழுவதும் எடை பரவியிருப்பது நல்லது. வான்ஸ் ஆர்வி ரக விமானங்களில் ஏலரானின் முன்விளிம்புக்குள் ஓர் இரும்புக் குழாயே நீளவாக்கில் ரிவெட் அடித்து வைக்கப்பட்டிருக்கும். எடையும் அதுவே, விறைப்பும் அதுவே. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. எலிவேட்டரில் பெரும்பாலும் வெளிமுனைக் கொம்புக்குள் ஈயம் வைப்பார்கள்.

எடை ஒரு கை நீட்டி அதன் நுனியில் நிற்கிறது என்றால், அந்தக் கையும் விறைப்பாக இருக்க வேண்டும். வளைகிற கையில் வைத்த எடை தானே ஓர் ஆட்டத்தைத் தொடங்கிவிடும். சிறு விமானங்களுக்கான ஐரோப்பிய விதிகள் எதிர்எடையின் பிடிமானத்துக்கு ஓர் அளவு சொல்கின்றன: பரப்புக்குச் செங்குத்தாக எடையைப் போல் 24 மடங்கு, முன்பின்னாக 12 மடங்கு, கீல் கோட்டின் வாக்கில் 12 மடங்கு. நம் 1,240 கிராம் ஈயத்துக்குச் செங்குத்து வாக்கில் இது சுமார் 30 கிலோ. உடையாமல் நிற்க வேண்டிய அளவு அதன் ஒன்றரை மடங்கு, 45 கிலோ. பிடிமானத்தின் மாதிரி ஒன்றைச் செய்து, அதில் அவ்வளவு எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பது பெரிய செலவில்லை. பறக்கும்போது எதிர்எடை கழன்று விழுந்தால், எடையே வைக்காத பரப்பைவிட மோசமான நிலைதான். ஒரு பக்கம் மட்டும் சமன் போய்விடும்.

ஈயம் மெத்தென்ற உலோகம். போல்ட்டின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி, இறுக்கம் விட்டுவிடும். அகலமான வாஷரோ இரும்புத் தகடோ வைத்து இறுக்குங்கள், முதல் சில பறப்புகளுக்குப் பிறகு திரும்பப் பாருங்கள். அலுமினியத்தோடு ஈயம் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அரிப்பு வரும். இடையில் பிரைமர் வேண்டும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வார்ப்பதாக இருந்தால் வெட்டவெளியில், காற்று வாக்குப் பார்த்து, முகமூடியும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஈயம் தெறிக்கும். பழைய பேட்டரித் தகடுகளை உருக்கவே கூடாது.

தளர்ச்சி

விமானத்தை உடைப்பது சமன் குறைவு மட்டுமல்ல, தளர்ச்சியும்தான். ஸோடியாக் சிஎச் 601 எக்ஸ்எல் என்ற சிறு விமானத்தின் ஏலரான்களில் முதலில் எதிர்எடை கிடையாது. கேபிள் இழுவிசையே ஆட்டத்தைத் தடுக்கும் என்று நம்பி வடிவமைத்திருந்தார்கள். பல விமானங்கள் வானத்திலேயே உடைந்த பிறகு, 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த ரகத்தைத் தரையில் நிறுத்தச் சொன்னது. பிறகு இறக்கையை வலுப்படுத்தி, ஏலரானுக்கு எதிர்எடையும் வைத்தார்கள். கேபிளை நம்பி எடையை விடுவது எப்படி முடியும் என்பதற்கு அந்த விமானம் சாட்சி.

2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் ரீனோ பந்தயத்தில் கேலப்பிங் கோஸ்ட் என்ற பி-51 விமானம் பார்வையாளர்கள் இருந்த இடத்தில் விழுந்து, விமானியும் பார்வையாளர் பத்துப் பேரும் இறந்தார்கள். எலிவேட்டர் ட்ரிம் டேப்பின் திருகாணிகள் தளர்ந்து, டேப் ஃப்ளட்டரில் சிக்கியிருந்தது. தளர்ந்ததற்குக் காரணம், தேய்ந்துபோன பழைய லாக் நட்டுகள். ஒரு லாக் நட்டின் விலையை யோசித்துப் பாருங்கள். கழற்றிய நைலான் லாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

ட்ரிம் டேப்பின் மொத்த ஆட்டம், அதன் பின்விளிம்பில் அளந்தால், டேப்பின் அகலத்தில் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். 60 மி.மீ. அகல டேப்புக்கு இது ஒன்றரை மில்லிமீட்டர். ஸ்டிக்கை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் டேப்பை விரல் நுனியால் மேலும் கீழும் அசைத்து டயல் கேஜில் படிக்க வேண்டும்.

கேபிளில் நம் வெயில் ஒரு சிக்கல் செய்யும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். கத்திரி வெயிலில் 38 டிகிரியில் கேபிளை இறுக்கி வைக்கிறீர்கள். மேலே போனதும் 15 டிகிரி. அலுமினிய உடல் சுருங்கும் அளவுக்கு எஃகுக் கேபிள் சுருங்காது. 4 மீட்டர் நீளத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர் தொய்வு விழும். டென்ஷன் மீட்டர் காட்டும் எண்ணை அன்றைய வெப்பநிலைக்கான அட்டவணையோடு ஒப்பிட்டே வைக்க வேண்டும்.

வேகம்

ஃப்ளட்டர் பெரும்பாலும் உண்மையான காற்றுவேகத்தைப் பொறுத்தது. கருவி காட்டும் வேகத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 10,000 அடியில் கருவி மணிக்கு 200 கி.மீ. காட்டினால், தரநிலை வெப்பநிலையில் உண்மை வேகம் 233 கி.மீ. சித்திரை மாத வெப்பத்தில் அந்த வித்தியாசம் 20 சதவீதத்தை நெருங்கும். மீறக் கூடாத வேகம் எந்தக் கணக்கில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கையேட்டில் பார்த்து, உயரத்துக்கு ஏற்பக் குறைத்த எண்களை ஓர் அட்டையில் எழுதிக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கூடுதல் குதிரைத்திறன் எஞ்சின் மாட்ட நினைக்கிறவர்களுக்கும் இதுவே பதில்: எஞ்சின் வேகத்தைக் கூட்டும், வாலுக்கு அது தெரியாது.

மழைக்குப் பிறகு

ஐப்பசி கார்த்திகை மழையில் வெளியே நின்ற விமானத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள். பரப்புகளின் பின்விளிம்பில் நீர் வடியும் துளைகள் அடைந்திருந்தால் உள்ளே தண்ணீர் நிற்கும். 25 செ.மீ. பின்னால் 50 கிராம் தண்ணீர் என்றால் 1,250 கிராம்-செ.மீ.; முன்னால் 165 கிராமுக்கு மேல் ஈயம் போடாமல் விட்டதற்குச் சமம். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை குளவி. சின்னத் துளை கிடைத்தால் போதும், மண்ணைக் குழைத்துக் கொண்டுவந்து உள்ளே கூடு கட்டிவிடும். எலிவேட்டரைக் கையில் எடுத்து மெல்லச் சாய்த்து, காதருகே வைத்து ஆட்டுங்கள். சலசலப்போ உருளும் சத்தமோ கேட்டால் திறந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். மரமும் துணியும் சேர்ந்த பரப்பு ஈரம் குடித்துக் கனக்கும். மழைக்காலம் முடிந்ததும் அதை மறுபடி எடை போட வேண்டும்.

இந்த அத்தியாயத்தின் விதிகள் கல்லூரி மாணவர்கள் கட்டும் ரேடியோ விமானங்களுக்கும் பொருந்தும். அங்கே பெரும்பாலும் குற்றவாளி சர்வோவின் ஆட்டமும் வளையும் இணைப்புக் கம்பியும்தான். தடித்த கம்பியும் நெருக்கமான துளையும் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வானத்தில் தொடங்கிவிட்டால்

ஸ்டிக்கிலோ பெடலிலோ திடீரென்று ஒரு ரீங்காரம், அல்லது வால் முழுவதும் உதறுவது போன்ற அதிர்வு வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே த்ராட்டிலைக் குறையுங்கள், ஸ்டிக்கை இறுகப் பிடித்து மூக்கை மெல்ல உயர்த்தி வேகத்தை இறக்குங்கள். மூக்கை வெடுக்கென்று இழுத்தால் ஏற்கெனவே அடிபட்ட பாகத்துக்கு இன்னும் பாரம் ஏறும். அதிர்வு அடங்கினால் அந்தக் குறைந்த வேகத்திலேயே அருகிலுள்ள ஓடுபாதைக்குப் போய் இறங்குங்கள். அதிர்வு நின்றுவிட்டது, வீடு பக்கம்தான் என்று பயணத்தைத் தொடரக் கூடாது.

தரையில் ஒவ்வொரு கீலையும், கீல் பிடிமானத்தையும், ஸ்பாரில் ரிவெட் வரிசையையும் திறந்து பாருங்கள். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புப் புகை படிந்தது போன்ற வளையம் தெரிந்தால் அந்த ரிவெட் தளர்ந்து அசைந்திருக்கிறது. எதிர்எடையின் போல்ட்டுகளை முறுக்கு அளவு பார்க்கும் ஸ்பேனரால் சோதியுங்கள். மூன்று பரப்புகளையும் கழற்றித் தராசில் ஏற்றி, முதலில் சமன் செய்தபோது பதிவேட்டில் எழுதிய கிராம்-செ.மீ. எண்களோடு ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் எங்கே மாறியது என்று கண்டுபிடியுங்கள். எண் மாறவில்லை என்றால் கேபிள் இழுவிசையையும் புஷ்ராடு பேரிங்கையும் டேப்பின் ஆட்டத்தையும் பாருங்கள். காரணம் கிடைத்து, சரிசெய்து, பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே அடுத்த பறப்பு.